குடைச்சாமியை மறைத்த கை

மாயக்கண்ணனுக்கு இரண்டு கைகள். வலது கையால் அவர் புரொஜெக்டரை ஓட்டினார், இடது கையால் மறைத்தார். காரைக்குடியிலும் சுற்றுப்பட்டுச் செட்டிநாட்டு ஊர்களிலும் பன்னிரண்டு வருஷம் அவருக்குச் சோறு போட்டது இடது கைதான். பின்னாளில் இதை அவரே சொல்லிச் சிரிப்பார். "ஆபரேட்டருன்னு போர்டு போட்டுக்கிட்டேன். ஆனா மெஷினை ஓட்ட யாராலயும் முடியும்ப்பா, மறைக்கிறதுக்குத்தான் என்னையக் கூப்பிட்டாக" என்பார்.

அது பதினாறு மில்லிமீட்டர் சினிமாவின் காலம். பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால் மேளம், சமையல்காரர், பந்தல் என்று சொல்லி வைப்பதோடு படக்காரருக்கும் சொல்லி வைப்பார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வெயிலில் நிற்கப் பிடிக்காமல் கொட்டகை வேலைக்கு ஓடிவந்தவர் மாயக்கண்ணன். மதுரையில் பழைய மெஷின் ஒன்று விலைக்கு வந்தபோது, மனைவி பொன்னுத்தாயியின் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய் அதை வாங்கிவிட்டார். அன்றைக்கு அவர் எழுதிப்போட்ட போர்டில் "ஒளி ஒலி மன்னன்" என்று இருந்தது. பொன்னுத்தாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று என்று அவருக்கு அப்போது தோன்றியது.

மன்னர் படம் போட்ட முதல் கல்யாணம் கண்டனூர்ப் பக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவர் கொண்டுபோன படத்தில் பத்தாவது நிமிஷமே ஒருவர் செத்து, பாடை கட்டி, சங்கும் ஊதிவிட்டார்கள். ஆச்சிமார் எழுந்து நின்றார்கள். கல்யாணம் நடந்த வீட்டில் சங்குச் சத்தமா? அவர்கள் திட்டியதில் பாதி மாயக்கண்ணனுக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினார். சாப்பிடவும் இல்லை.

அதற்கு அப்புறம்தான் இடது கை வேலைக்கு வந்தது. ஒவ்வொரு படத்தையும் முன்கூட்டியே தனியாக ஓட்டிப் பார்த்து, எந்த ரீலில் எங்கே சாவு வருகிறது, எங்கே தாலி அறுப்பு வருகிறது என்று குறித்து வைத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் அந்த இடம் வந்ததும் லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை வைப்பார், இன்னொரு கையால் சத்தத்தைக் குறைப்பார், மனசுக்குள் எண்ணுவார். பன்னிரண்டு எண்ணினால் கிழவர் சாவு முடிந்துவிடும். இருபது எண்ணினால் விதவை அழுது முடிப்பாள். கையை எடுத்தால் திரையில் எல்லோரும் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருப்பார்கள். ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று யாரும் கேட்டதில்லை. "மாயக்கண்ணன் போட்டா மங்களமா இருக்கும்" என்று பேர் வந்தது. அதை அவர் தன் திறமை என்று நம்பினார்.

அவருக்கு வாய்த்த பொக்கிஷம் ஒரு பாதிரியார் படம். அதற்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. ஊர் அதைக் 'குடைச்சாமி படம்' என்றே சொன்னது. அறுபத்துமூன்றில் கொட்டகைக்கு வந்து சக்கைப்போடு போட்டது. கிழிந்த கறுப்புக் குடையோடு ஒரு பாதிரியார், அவர் வளர்க்கும் பதினைந்து அநாதைப் பிள்ளைகள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்கிற மாதிரிப் படம். பிள்ளையார்பட்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வந்த ஆச்சிமார்கூட அந்தப் பாதிரியாரைச் 'சாமி' என்றுதான் சொன்னார்கள். கடைசியில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். தூங்குகிற பிள்ளைகளை எழுப்பாமல், குடையை விரித்துக்கொண்டு மழையில் நடந்து போகிறார்.

படம் அங்கே முடியவில்லை. அதற்கப்புறம் மூன்று நிமிஷம் இருக்கிறது, அதில் பாதிரியார் செத்துப்போகிறார். கொட்டகையில் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கல்யாண வீட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியாது. குடை விரிந்ததும் மாயக்கண்ணன் கையை வைத்து, பல்பை அணைத்து, ஹால் விளக்கைப் போட்டு, மைக்கில் "மணமக்கள் பல்லாண்டு வாழ்க" என்று சொல்லிவிடுவார். இதனால் செட்டிநாடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சந்தைப்பேட்டை டீக்கடையில் ஒருவர் "செத்துப்போனாருய்யா" என்பார், இன்னொருவர் "நான் ரெண்டு கல்யாணத்துல பாத்தேன், நல்லாத்தான் நடந்து போனாரு" என்பார். மாயக்கண்ணன் ஓரமாக டீ குடித்துக்கொண்டு, தன்னால் ஒரு ஆள் பிழைத்திருக்கிறார் என்று பெருமைப்பட்டுக்கொள்வார்.

அப்படிப் பிழைத்திருந்த குடைச்சாமியை அறுபத்தாறில் பார்த்தவர்களில் ஒருவர் மெய்யநாதன் செட்டியார். தம்பி மகன் கல்யாணம், அவர் வீட்டிலேயே நடந்தது. செட்டியார் ரங்கூனில் முப்பது வருஷம் தொழில் செய்தவர். அங்கிருந்து இந்தியர்கள் எல்லோரையும் கிளப்பிவிட்டபோது, கட்டிய வேட்டியோடு கப்பலேறி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. போனது போகட்டும் என்று மற்றவர்கள் இங்கே ஏதாவது செய்யத் தொடங்கியிருந்தார்கள். இவர் வீட்டு முகப்பில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் எழுந்து நிற்பார். அங்கே அவருக்கு முப்பது வருஷம் சமைத்துப் போட்ட மலையாண்டியைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். "நீங்க முன்னால போங்க முதலாளி, அடுத்த கப்பல்ல வந்துருவேன்" என்று அவன் சொன்னதாக அவர் மனைவி சீதை ஆச்சிக்குத் தெரியும். அடுத்த கப்பல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மலையாண்டி வரவில்லை, கடிதமும் வரவில்லை.

அன்றைக்குப் படம் முடிந்து மாயக்கண்ணன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, யாரிடமும் பேசாத அந்த மனிதர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தச் சாமியாரு எங்கப்பா போனாரு?"

மாயக்கண்ணன் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னார். "வேற ஊருக்கு மாத்தலாயிப் போயிட்டாருங்கய்யா. சௌக்கியமா இருப்பாரு."

"பிள்ளைகளைப் பார்க்கத் திரும்பி வரலையா?"

"படம் அம்புட்டுத்தாங்கய்யா."

அதிலிருந்து ஏழு வருஷம், மாயக்கண்ணன் அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் செட்டியார் கூப்பிட்டுவிடுவார். "சாமியாரைப் பத்தி ஏதும் தெரிஞ்சுச்சா?" என்பார். தெரிந்தவரைப் பற்றி விசாரிக்கிற மாதிரியே கேட்பார். மாயக்கண்ணன் தலையைச் சொறிவார். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பார். சொன்னால், தான் இத்தனை வருஷம் காட்டியது பாதிப் படம் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஒளி ஒலி மன்னன் தன் ராஜ்ஜியத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் பொருட்டு ஒரு பெரியவரிடம் வருஷாவருஷம் பொய் சொன்னார்.

எழுபத்திரண்டில் குடைச்சாமி படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்துவிட்டார்கள். தமிழில் அப்போது அதுவே புதுசு. அதே நடிகர், அதே குடை. கொட்டகைக்கு வந்த நான்காம் நாளே தூக்கிவிட்டார்கள். மாயக்கண்ணன் அப்போது பரமக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் இருந்ததால் பார்க்கவில்லை. பார்க்காத படத்தைப் பற்றி அவர் டீக்கடையில் ஒரு மணி நேரம் புகழ்ந்து பேசியதற்குச் சாட்சிகள் உண்டு.

அடுத்த வருஷம் வைகாசியில் செட்டியாருக்கு அறுபது நிறைகிறது. சாந்திக் கல்யாணம். சீதை ஆச்சி மாயக்கண்ணனுக்கு ஆள் அனுப்பினார். போனபோது ஆச்சி உள்முற்றத்து வளவில் பாய் விரித்து மிளகாயை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அந்தக் குடைச்சாமி ரெண்டாவது படம் வந்திருக்காமே, அதக் கொண்டாந்து போடுறியா மாயக்கண்ணு?"

"போட்டுருவோம் ஆச்சி."

"இவுக வாயைத் தொறந்து கேக்கிறது ரெண்டே கேள்வி. காலையில 'தபால் வந்துச்சா'ன்னு ஒண்ணு. உன்னையப் பாத்தா சாமியாரு எங்க போனாருன்னு ஒண்ணு. மொதக் கேள்விக்கு நான் என்னத்தச் சொல்ல? ரெண்டாவதுக்காச்சும் ஒரு பதிலக் கொண்டாந்து காட்டு. அறுபதாங் கல்யாணத்தன்னைக்காவது மனுசரு மூஞ்சி தெளியட்டும்."

"கண்டிப்பா ஆச்சி."

"சாவு, சங்கு ஒண்ணும் இல்லையே? நீ பாத்துட்டியில்ல?"

"பாக்காம இருப்பனா? ஒரு தும்மல்கூட இல்ல ஆச்சி, அம்புட்டு மங்களம்" என்றார் மாயக்கண்ணன்.

வெளியே வந்து சைக்கிளில் ஏறிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. முதல் பாகத்தில் செத்த மனிதர் இரண்டாம் பாகத்தில் எப்படி வருவார்? கல்லுக்கட்டிக் கடைத்தெரு வரைக்கும் யோசித்தார். கிறிஸ்தவர்கள் கும்பிடுகிற சாமியே மூன்றாம் நாள் எழுந்து வந்தவர்தானே, பாதிரியாரையும் எப்படியாவது எழுப்பியிருப்பான், படமெடுக்கிறவன் என்ன மடையனா என்று முடிவு கட்டினார். அப்படி ஒரு மடையன் இருக்கத்தான் செய்தான். ஆனால் அவன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான்.

படப்பெட்டி மதுரையிலிருந்து ரயில் பார்சலில் கல்யாணத்தன்று காலையில்தான் வந்தது. முன்கூட்டி ஓட்டிப் பார்க்க நேரமில்லை. தம்பதிகளுக்குக் கும்ப நீர் ஊற்றி, ஆச்சிக்கு மறுபடி தாலி கட்டி, இருநூறு பேர் பந்தியில் சாப்பிட்டு எழுந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குச் சாப்பாட்டு ஹாலின் எட்டு ஜன்னல்களையும் சாத்தி, மேலே ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார் மாயக்கண்ணன். செட்டியார் மாலையோடு முன்னால் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். விளக்கை அணைக்கும்போது திரும்பிப் பார்த்து, "இன்னைக்குத் தெரிஞ்சுரும்ல?" என்றார். ஏழு வருஷத்தில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பை மாயக்கண்ணன் பார்த்தது அப்போதுதான்.

படம் ஓடத் தொடங்கியது. பேர் போட்டு முடிந்ததும் முதல் காட்சியில் ஒரு பெரிய போட்டோ, அதற்கு மாலை, பக்கத்தில் மெழுகுவர்த்தி. போட்டோவில் குடைச்சாமி. அதற்கு எதிரே குடைச்சாமியைப் போலவே, மூக்குக் கண்ணாடி மட்டும் போட்ட இன்னொரு பாதிரியார் நின்று, "அண்ணா!" என்று கதறுவதற்கு வாயைத் திறந்தார்.

போட்டோவில் இருப்பது யார் என்று ஹாலில் யாருக்கும் பிடிபடுவதற்குள் மாயக்கண்ணனின் இடது கை தானாக எழுந்து லென்ஸை மூடியது. வலது கை சத்தத்தைக் குறைத்தது. அந்த இருட்டில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குடைச்சாமியை எழுப்பவில்லை. தம்பி ஒருவனைக் கொண்டுவந்து அதே அங்கியை மாட்டிவிட்டிருக்கிறார்கள். வியர்வை கண்ணில் இறங்கியது. எத்தனை எண்ணுவது என்று தெரியாமல் நாற்பது வரை எண்ணினார்.

கையை எடுத்தபோது கண்ணாடிப் பாதிரியார் ஜீப்பில் மலையேறிக்கொண்டிருந்தார்.

"சாமியாருக்குக் கண்ணாடி வந்திருச்சு" என்றாள் ஒரு பெண்.

"வயசாகுதுல்ல" என்றார் இன்னொருவர்.

அதன் பிறகு நடந்ததைப் படம் என்று சொல்வது மாயக்கண்ணனுக்கே கூச்சமாக இருந்தது. பாதிரியார் தேயிலைத் தோட்டத்தில் பாட்டுப் பாடினார். அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு நாலு ரவுடிகளை அடித்தார். ஒரு பணக்காரரிடம் பள்ளிக்கூடம் கட்ட இடம் கேட்டார், அவர் மறுத்ததும் அதற்கும் பாடினார். நடுவில் பணக்காரரின் அம்மா செத்தாள், தோட்டத்துக் காவலாளி செத்தான், ஒரு குதிரையும் செத்தது. ஒவ்வொன்றுக்கும் மாயக்கண்ணன் கையை வைத்தார். குதிரைக்கு வைக்க வேண்டுமா என்று ஒரு நிமிஷம் யோசித்து, எதற்கு வம்பு என்று அதற்கும் வைத்தார். பல்புச் சூட்டில் உள்ளங்கை காய்ந்தது. பின்வரிசையில் "கையை எடுய்யா" என்று சிரித்தார்கள். கையை எடுத்தால் மட்டும் என்ன தெரிந்துவிடப்போகிறது என்று அவருக்கே தோன்றியது. பாதிப்பேர் காபி குடிக்க எழுந்து போய்விட்டார்கள்.

செட்டியார் மட்டும் அசையவில்லை. மாயக்கண்ணன் படத்தைப் பார்க்கவில்லை, அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு இன்றைக்கு என்ன சொல்வது? ஆச்சிக்கு என்ன சொல்வது?

இரண்டாவது ரீல் முடியும் இடத்தில் ஒரு வாலிபன் வந்தான். முதல் படத்துப் பதினைந்து பிள்ளைகளில் ஒருவன், வளர்ந்துவிட்டான். ஓடிவந்து பாதிரியார் காலைப் பிடித்துக்கொண்டு "சாமி, என்னைத் தெரியலையா?" என்றான். பாதிரியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "யாரப்பா நீ?" என்றார்.

செட்டியார் எழுந்துவிட்டார்.

"நிறுத்துப்பா!"

அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் எட்டு வருஷமாகக் கேட்டதில்லை. மாயக்கண்ணன் மெஷினை நிறுத்தி விளக்கைப் போட்டார். காபி குடிக்கப் போனவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். செட்டியாரின் மாலை ஒரு தோளிலிருந்து நழுவித் தொங்கியது.

"யாருன்னு கேக்கிறான்யா! கையால சோறூட்டி வளத்த பிள்ளை எதுத்தாப்புல வந்து நிக்குது, யாருன்னு கேக்கிறான். இவனெல்லாம் ஒரு சாமியாரா? விட்டுட்டு வந்தவனுக்கு மறக்குமாய்யா? எனக்கு மறக்கலையே! மலையாண்டி காலையில காபி போட்டு வைக்கிற டம்ளருல எந்தப் பக்கம் நெளிவுன்னு சொல்லட்டா? அவன் எந்தத் தெருவுல போயி மீன் வாங்குவான்னு சொல்லட்டா? கப்பல் கெளம்புனப்ப நான் திரும்பிப் பாக்கல. பாத்தா எறங்கிருவேன்னு பாக்கல. இவன் நல்லா ஜீப்புல போறான், பாட்டுப் படிக்கிறான், யாருப்பா நீங்குறான். ஏழு வருசமா இந்தப் பயலைப் போயி நெனச்சுக்கிட்டிருந்தனே!"

சீதை ஆச்சி தூணருகில் நின்றுகொண்டிருந்தார், கிட்டே வரவில்லை.

மாயக்கண்ணன் பிற்காலத்தில் தன்னைப் பற்றிச் சொன்ன எத்தனையோ கேலிகளில் இந்த இடத்தை மட்டும் கேலி செய்ததில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். படம் மோசம் என்று ஊரே ஒத்துக்கொண்டிருக்கும், அவரும் மதுரைக்காரனைத் திட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் குடைச்சாமியை ஒரு மறதிக்காரனாக நினைத்துக்கொண்டு இந்த மனிதர் இன்னும் இருபது வருஷம் நாற்காலியில் உட்காரப்போகிறார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"அது அவரில்லீங்கய்யா."

"என்னது?"

"இவரு தம்பி. மொதப் படத்துச் சாமி மறக்கலீங்கய்யா. அவரு... அவரு அந்தப் படத்துலயே செத்துப்போயிட்டாரு."

ஹாலில் யாரோ "சிவ சிவா" என்றார்கள். சாந்திக் கல்யாண வீட்டில், மாலை வாடுவதற்குள், அந்த வார்த்தையை மங்களத்துக்குப் பேர்போன மாயக்கண்ணன் வாயாலேயே சொல்லிவிட்டார். அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று அவருக்குத் தெரியும்.

"கடைசியில மூணு நிமிசம் இருக்குங்கய்யா. நாந்தான் கையை வச்சு மறைச்சுட்டேன், கல்யாண வீட்டுல ஆகாதுன்னு. எல்லாருக்கும் மறைச்சேன், உங்களுக்கும் மறைச்சேன். கேட்டப்பல்லாம் பொய் சொன்னேன். அவரு பாதி வழியிலேயே திரும்பிட்டாருங்கய்யா. பிள்ளைகளை விட்டுட்டுப் போக மனசு வராம திரும்பி நடந்தாரு. ஓடையில வெள்ளம். கால்வச்ச இடத்துல இழுத்துருச்சு. காலையில பிள்ளைக வந்து குடையைத்தான் பாக்குதுக."

செட்டியார் நழுவிய மாலையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"திரும்பித்தான் வந்தாரா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப சரி" என்றார் செட்டியார். நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு ஆச்சி, "இன்னைக்குப் போயி அழலாமா, ஆகாதே" என்று முன்னால் வந்தாள். சீதை ஆச்சி கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

துண்டை எடுத்தபோது செட்டியார் மாயக்கண்ணனைப் பார்க்கவில்லை. தூணருகில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"சீதை. இவன் கையை எடுத்துட்டான். நீ? மூணு மாசமா தபாலைக் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறியே."

ஆச்சி காலையில் கட்டிய புதுத் தாலியைச் சேலைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெட்டகம் திறக்கும் சத்தம் ஹால் வரைக்கும் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய ஒரு உறை இருந்தது.

"மாசியிலேயே வந்துச்சு, நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்ப. மலையாண்டி கூட இருந்த ஆளு எழுதியிருக்காரு. கடைசி வரைக்கும் உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தானாம்" என்றார் ஆச்சி. "இந்த நல்லது முடியட்டும், அப்புறம் குடுப்போம்னு வச்சிருந்தேன். தப்புன்னா என்னைய வையுங்க."

செட்டியார் வையவில்லை. உறையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தட்டித் தடவிச் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுத்துத் தெரியல. அந்த ஜன்னலைத் தொறப்பா" என்றார்.

மாயக்கண்ணன் மெஷினை விட்டு நகர்ந்து போய், முதல் ஜமுக்காளத்தை இழுத்துக் கீழே போட்டார். வெயில் உள்ளே வந்தது. யாரும் அவருக்கு உதவிக்கு எழவில்லை. எட்டு ஜன்னல்களையும் அவரே ஒவ்வொன்றாகத் திறந்தார்.